முதுகு காட்டி ஏறிய மலை

"எங்க பெரியப்பா மலை உச்சிக்குக் காரைப் பின்பக்கமாவே ஓட்டிக்கிட்டுப் போனார். ஒரு மனுஷன் முதுகைக் காட்டிக்கிட்டு மேல வர்றதைப் பார்த்து மலைக்கே கூச்சமாயிடுச்சு. ஒரு முழம் குனிஞ்சு வழி விட்டுச்சு. இன்னைக்கும் அந்த இடம் கொஞ்சம் பள்ளமாத்தான் இருக்கு. நானே அளந்து பார்த்திருக்கேன்."

விடிந்தும் விடியாத பொழுதில், வாயில் பாதி ரொட்டியை வைத்துக்கொண்டு இப்படியொரு செய்தியை வெளியிட அந்த வீட்டில் ஒருவரால்தான் முடியும். வேலையில் இருந்தவரைக்கும் சர்வேயராக ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் இல்லாமல் போனதால் கதை அளக்கத் தொடங்கினார். சொந்தக்காரர்கள் அவருக்கு 'அளப்பு' என்று பெயர் வைத்து வெகுநாளாகிறது. அவரும் அதை ஒரு பட்டம் போலத்தான் சுமந்துகொண்டிருந்தார்.

"இவர் சொல்றதை நம்பணும்னா முதல்ல மலையைக் கூப்பிட்டு விசாரிக்கணும்," என்றாள் அவர் மனைவி, டீயை ஆற்றியபடி.

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த மேட்ரன் அக்கா ரொட்டியின் நான்கு மூலைக்கும் பாரபட்சமில்லாமல் வெண்ணெய் தடவுவதில் கவனமாக இருந்தாள்.

நடுவில் சில வாரம் விட்டுப்போனவர்களுக்கு இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தெருவில் ஒரு கார் போனால் கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்த நாளில், இந்தக் குடும்பத்துப் பெரியப்பா வாரமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்ப் பந்தயம் ஓட்டினார். சொந்த ஆசைக்காக ஓட்டினாரே தவிர, அது அவர் தொழில் இல்லை. கார்கூட யாரோ ஓட்டிச் சலித்து விற்ற கார்தான்.

அந்தப் பந்தயச் சரித்திரத்தைத் தோண்டி எடுப்பதென்று அளப்பு முடிவு செய்ததும், நூலகத்தின் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தும்மித் தீர்த்ததும் முன்பே சொன்ன கதை. கடற்கரை மணலில் நடந்த பந்தயத்தில் பெரியப்பா மூன்றாவதாக வந்திருக்கிறார். அளப்பு சொல்லும்போது முதலாவதாக வந்தவரும் பெரியப்பாதான், இரண்டாவதாக வந்தது கடலலை. இன்னொரு பந்தயத்தில் பின்சக்கரம் கழன்று ஓடியிருக்கிறது. அது அவருக்கு முன்பே கோட்டைத் தாண்டிப் பரிசுக்குக் காத்திருந்ததாக அளப்பு சத்தியம் செய்கிறார்.

கடைசியாக அந்த மலையேற்றப் பந்தயம். பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி: கண்ணாடிக்கடைக்காரர் பாதியிலேயே பின்வாங்கினார். அதற்கப்புறம் பெரியப்பா காரை விற்றுவிட்டார். ஸ்டியரிங்கை மறுபடி தொடவேயில்லை.

சங்கடம் இனிமேல்தான். ஊர் மோட்டார் சங்கத்துக்கு நாளைக்கு ஆண்டு விழா. அன்றைய பந்தயத்தில் எடுத்த பெரியப்பாவின் படம் மண்டபச் சுவரில் ஏறப்போகிறது. படத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் 'பாதி மலையில் பின்வாங்கியவர்' என்று வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டுகிறவர் கைக்குத் தகடு இன்று மாலை போகிறது. பித்தளையில் வெட்டியதைப் பிறகு யார் வந்து அழிப்பது?

அளப்பு சங்கச் செயலாளரிடம் போனில் போட்ட சண்டையில் கம்பியே சூடாகிவிட்டது. செயலாளர் நல்ல மனிதர். கடைசியில் இறங்கிவந்து ஒரு வழி சொன்னார். பெரியப்பாவின் மகள் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவர் வாயால் 'அப்பா ஏறினார்' என்று சொல்லட்டும், வாசகத்தை மாற்றிவிடலாம். பெற்ற மகளே நம்பாததைச் சங்கம் எப்படிச் சுவரில் எழுதும்?

அந்த மகள்தான் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மேட்ரன் அக்கா.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக வார்டு வார்டாக ஆண்டு ஓய்வு பெற்றவள். காய்ச்சல் என்று சொன்னால் போதாது, தெர்மாமீட்டரில் தெரிய வேண்டும். நோயாளியைத் தேற்றுவதற்காகக்கூட இல்லாததைச் சொன்னவள் இல்லை. 'வலிக்காது' என்று அவள் சொன்னால் வலிக்காது. வலிக்கும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள். "எங்கப்பா பயந்தார், திரும்பிட்டார். பயப்படறது ஒண்ணும் குத்தமில்லைடா. பயப்படாத ஆளுங்களுக்குத்தான் நான் வாழ்நாள் பூரா கட்டுப் போட்டேன்."

அளப்பு ரொட்டியைத் தட்டில் வைத்தார். அக்கா ஏன் இப்படிப் பேசுகிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

சின்ன வயதில், அப்பா பின்பக்கமாக ஏறிய அந்த மலைக்கதையை அவர் வாயால் கேட்காமல் அவள் தூங்கியதே இல்லை. அப்பா மடியில் படுத்துக்கொண்டு, கார் தும்முகிற இடத்தில் தானும் தும்முவாளாம். பிறகு பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் வரும்போதெல்லாம் பிள்ளைகள் பின்புறமாக நடந்து காட்டினார்கள். வாத்தியார் ஒருவரே ஒருநாள் நடந்து காட்டினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அந்தக் கதையைக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அப்பாவும் ஏன் என்று கேட்கவில்லை. கடை மூடி வந்து, சாப்பிட்டு, விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்த மனிதர் போய்ச் சேரும்வரை இருவருக்கும் நடுவில் அந்த மலை இருந்தது.

படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அக்காவைக் கிளப்பினார் அளப்பு. அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே கிடையாது.

சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே சங்க அறை. மாடிப்படி ஏறும்போது துளைபோடும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். ஒருத்தருக்குப் பஞ்சு வைத்து உட்கார்த்தியிருப்பதாகவும், அவரால் பேச முடியாது என்பதால் அவசரமில்லை என்றும் தெரிவித்தார். படத்தைச் சுவரோரமாக இருந்த மேசையில் மெல்ல நிமிர்த்தி வைத்தார்.

மங்கிய படம். வளைந்து ஏறும் மண்பாதை. நடுவில் கூரையில்லாத இரண்டு பேர் கார், மூக்கு அப்பட்டமாக மலையடிவாரத்தைப் பார்த்திருந்தது. ஒரு பச்சைக் குழந்தையிடம் காட்டினாலும், இந்தக் கார் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "இளைச்சுப் போயிருக்கார்," என்று மட்டும் சொன்னாள்.

அளப்பு விடவில்லை. பெரியப்பாவின் தலையைப் பாருங்கள், கழுத்தைத் திருப்பி உச்சியைப் பார்க்கிறாரே, போகிற பக்கத்தைத்தானே மனிதன் பார்ப்பான் என்று வாதாடினார். டாக்டர் அதைப் பரிவோடு கேட்டுவிட்டு, கைவிட்டுப் போன உச்சியை ஏக்கத்தோடு ஒருவர் திரும்பிப் பார்க்கிறார் என்றுதான் சங்கத்தில் இத்தனை நாளும் நினைத்திருப்பதாகச் சொன்னார். உச்சிக்குப் போயிருந்தால் அங்கே கொடி வைத்திருந்தவர்கள் பார்த்திருப்பார்களே என்றும் கேட்டார். அதற்கும் அளப்பிடம் பதில் இருந்தது. மேகம் கட்டியதால் கொடிக்காரர்கள் முன்பே மறுபக்கமாக இறங்கிவிட்டதாக அதே பத்திரிகையில் போட்டிருக்கிறது. கடைசியாகக் கிளம்பியவர் பெரியப்பா.

"சார், யாரும் பார்க்கலைங்கறதுக்கு அது சான்று. ஏறினார்ங்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

அளப்பு வாயைத் திறந்தார். மலை ஒரு முழம் குனிந்த கதை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்தாள். கோபமில்லை. பொய்க் காய்ச்சலோடு லீவு கேட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தன் வாயின் மீதே கோபம் வந்தது. கடலலையையும் கழன்ற சக்கரத்தையும் ஊரெல்லாம் விற்றுவிட்டு, இன்றைக்கு ஒரே ஒரு உண்மையைக் கொண்டுவந்தால் அதை யார் வாங்குவார்கள்? பெரியப்பாவின் கதையை ஊர் ஒருமுறை கெடுத்தது. மிச்சத்தைக் கெடுத்தது அவரேதான்.

வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி பார்த்திருந்தால் டாக்டரையே கூப்பிட்டிருப்பாள்.

மூடிய வாயோடு படத்தையே முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெரியப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில், கதவின் விளிம்பைப் பற்றியிருக்கும் ஒரு கை. வளையல் போட்ட கை. ஆள் குனிந்திருக்க வேண்டும், முகம் தெரியவில்லை. பெரியப்பா அன்று தனியாகப் போனதாகத்தான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பிறப்பதற்கு முன்பு, பெரியப்பாவுக்குக் கல்யாணமே ஆகாத காலம். ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும் என்று அளப்பு அதை விழுங்கிக்கொண்டார்.

"தகட்டை மாத்த வேண்டாம் டாக்டர்," என்று அக்கா எழுந்தாள். "இருக்கிறதே இருக்கட்டும். நாளைக்கு வந்து திரையை விலக்கிக் குடுக்கிறேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைப்பையின் வாரைத் தோளில் மாட்டத் தெரியாமல் இரண்டு மூன்று முறை தடுமாறியதை அளப்பு பார்த்துவிட்டார்.

அவர்தான் ஜன்னலைக் காட்டினார். கீழே கிளினிக் வாசலில், தகரக் கொட்டகையில், டாக்டர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருக்கும் பழைய கார் நின்றது. படத்தில் இருக்கும் காரோடு கூடப்பிறந்தது போல அதே கம்பெனி, அதே காலம். பந்தயம் நடந்த பழைய மண்பாதையில் அதை ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாமே? டாக்டர் எப்போதும் புதுத் தார்ச்சாலையில்தான் ஓட்டுவார், மண்பாதைக்குப் போனதேயில்லை. கேட்டதும் அவர் கண் மின்னிற்று. பஞ்சு வைத்தவரை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நிமிஷத்தில் திரும்பினார். வரும் வழியில் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்று படத்தையும் அதன் சட்டத்தில் பதிக்க வேண்டிய தகட்டையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

அக்கா ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். "சரி, வா. கண்ணால பார்த்துட்டா அப்புறமாவது நீ வாயை மூடுவே," என்றாள்.

டாக்டருக்குப் பக்கத்தில் அவள். பின்னால், சாமான் வைக்கும் இடத்தில் மடித்துப் போட்டிருந்த குட்டி இருக்கையில், காலை மடக்கி அளப்பு. அந்த இருக்கை தன் உடம்பில் இதுவரை தெரியாத எலும்புகளையெல்லாம் அறிமுகப்படுத்தி வைத்ததாக அவர் பின்னாளில் சொல்லுவார்.

அடிவாரத்திலிருந்து கார் குஷியாகத்தான் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அங்கிருந்து பாதை செங்குத்தாக எழும்பியது. எத்தனை செங்குத்து என்று சர்வேயருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது, ஆனால் அன்றைக்கு அவர் எதையும் அளந்து சொல்லும் நிலையில் இல்லை. காரின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. எஞ்சின் ஒருமுறை தும்மியது. இன்னொருமுறை தும்மியது. அப்படியே அடங்கிப்போனது.

டாக்டர் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு திகைத்தார். நேற்றுகூட நன்றாக ஓடியதாம்.

"ரெண்டு தும்மல்," என்றாள் அக்கா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முன்னால் இருந்த எஞ்சின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொல்ற கதையில அப்படித்தான் வரும். ரெண்டு தும்மல் தும்மிட்டுத் தூங்கிப்போச்சுன்னு சொல்வார். நானும் கூடவே தும்முவேன்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "வண்டி கனமா இருக்கக் கூடாதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோலைப் பாதிக்கு மேல வடிச்சுட்டாராம். அதுதான் தப்பாப் போச்சுன்னு சொல்வார். எனக்கு அது ஒண்ணும் புரியாது. கதைக்குச் சேர்த்துக்கறார்னு நினைச்சேன்."

டாக்டர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். பழைய டேங்க், கசியும் என்ற பயத்தில் அவர் எப்போதும் கொஞ்சமாகத்தான் பெட்ரோல் ஊற்றுவார். டேங்க் இருப்பது இருக்கைக்கு அடியில். பம்ப் கிடையாது. பெட்ரோல் தண்ணீர் போலத் தானாக வழிந்து முன்னாலிருக்கும் எஞ்சினுக்குப் போக வேண்டும். மூக்கு இவ்வளவு மேலே தூக்கிவிட்டால், டேங்கின் அடியில் கிடக்கும் பெட்ரோல் மேல்நோக்கியா ஓடும்?

"அப்போ திருப்பினா?" என்று அளப்பு பின்னாலிருந்து கேட்டார்.

"திருப்பினா டேங்க் மேல வந்துடும், எஞ்சின் கீழ போயிடும்," என்றார் டாக்டர். அதைச் சொல்லிவிட்டுக் கழுத்தைத் திருப்பிக் கீழே இருந்த வளைவைப் பார்த்தார்.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக் காரைப் பின்னோக்கி அகலமான வளைவுவரை உருட்டினார்கள். அங்கே திருப்பி நிறுத்தியபோது கார் படத்தில் நின்ற மாதிரியே நின்றது, மூக்கு அடிவாரத்தை நோக்கி. எஞ்சின் உடனே உயிர் பெற்றது. டாக்டர் ரிவர்ஸில் போட்டுக் கழுத்தைத் திருப்பி, உச்சியைப் பார்த்தபடி காலை அழுத்தினார்.

கார் ஏறியது. எறும்பு முந்திக்கொண்டு போகிற வேகம்தான். ஆனால் தும்மல் இல்லை, முனகல் இல்லை. அடிவாரம் கண்ணெதிரே கீழே கீழே போனது. சக்கரங்கள் கிளப்பிய செம்மண் தூசி காரின் மூக்குக்கு முன்னால் திரையாக எழுந்து, பாதையை மறைத்தபடி கீழேயே தங்கிவிட்டது. அக்கா அந்தத் தூசியையே பார்த்தாள். ஒரு கையால் கதவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உச்சியை முதலில் எட்டியது அளப்பின் முதுகுதான். இந்தப் பெருமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

மேலே ஒரு காலி இடம். நாலு பாறை, கொஞ்சம் புல், காற்று. பெரியப்பா வந்து சேர்ந்தபோதும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கொடியில்லை, கைத்தட்டல் இல்லை. இங்கே இறங்கி நின்று, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சுற்றிலும் பார்த்திருப்பார். பிற்பாடு அவர் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு சின்னப் பெண். அளப்பு இதையெல்லாம் நினைத்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் படத்தைக் குடுங்க," என்றாள் அக்கா.

டாக்டர் எடுத்துக் கொடுத்தார். அவள் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள், புண்ணைத் துடைக்கிற மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு. காலையில் அப்பாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது காரைப் பார்த்தாள். காருக்கு முன்னால், முகப்பு விளக்குகளைப் பாதி மூடியபடி, வெள்ளையாக ஒரு மூட்டம். படம் பழசானதால் வந்த கறை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காருக்குப் பின்னால், உச்சிப் பக்கம், பாதை துடைத்தெடுத்த மாதிரி இருந்தது.

"தூசி எந்தப் பக்கம் இருக்கு பாருங்க டாக்டர். இறங்குற வண்டின்னா அது பின்னாடி இல்ல நிக்கணும்?"

டாக்டர் பார்த்தார். நியாயமான மனிதர் என்பதால் காற்றைப் பற்றியும் சொன்னார். அன்றைக்கு மழைக்காற்று வீசியிருக்கலாம், தூசியைக் கொண்டுபோய் முன்பக்கம் தள்ளியிருக்கலாம்.

"காத்து தூசியைத் திருப்பலாம் டாக்டர். கூடவே கழுத்தையுமா திருப்பும்?"

டாக்டர் குனிந்து, படத்தில் கழுத்தையும் தூசியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கழுத்தைப் பற்றிக் காலையில் தான் வாதாடியதை எடுத்துக்காட்ட அளப்புக்கு நாக்கு துடித்தது. வளையல் போட்ட அந்தக் கையைப் பற்றிக் கேட்கவும் துடித்தது. கழுத்தை விட்டுக்கொடுத்து, கையை இன்னொரு வாரத்துக் கதைக்கென்று ஒத்திவைத்து, ஒரு பாறை மேல் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார்.

அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு காரின் படியிலேயே உட்கார்ந்தாள். கீழே அவர்கள் கிளப்பிய தூசி இன்னும் முழுதாக அடங்கவில்லை.

"தூசி எனக்கு எதிர்ல நின்னு போயிட்டு வான்னு கையசைச்சுதுன்னு சொல்வார்," என்றாள். "நான் சிரிப்பேன். அப்புறம் சிரிக்கிறதையும் விட்டுட்டேன்."

டாக்டர் தயங்கித் தயங்கி, வெட்டுகிறவர் கடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்றும், தகட்டில் என்ன போடச் சொல்லட்டும் என்றும் கேட்டார்.

அக்கா கைக்குட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். கண்ணைத் துடைக்க அவளுக்கு அது தேவைப்பட்டது, ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏறினார்னு போடுங்க," என்றாள். "பின்பக்கமாத்தான் ஏறினார். எங்கப்பா சொன்னது அத்தனையும் நடந்திருக்கு. மகள் சொன்னாள்னே போடுங்க."